பால் திரிந்ததால் தாமதமான குழாய்கள்

துவாக்குடியில் பாய்லர் குழாய் செய்யும் கம்பெனி ஒன்றில் சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்கிறேன். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ். போன மழைக்காலத்தில் ஒரு நாள், சீட்டில் உட்காரும் முன்பே வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து போன்.

"மேடம், குழாய் லேட்டாகும்னு மெயில் வந்திருக்கு. காரணம், பால் திரிஞ்சு போச்சாம். குழாய்க்குள்ள பாலா ஊத்துறீங்க?"

மன்னிப்புக் கேட்டு, வேறு மெயில் அனுப்பிவிட்டு என்ன நடந்தது என்று தேடினேன். எங்கள் சாஃப்ட்வேரில் தாமதத்துக்கான காரணங்கள் ஒரு பட்டியலாக விரியும். ஒன்றைத் தொட்டால் போதும், அதுவே வாடிக்கையாளருக்கு மெயிலாகப் போய்விடும். பட்டியல் எல்லாப் பிரிவுக்கும் பொது. கேன்டீனை நடத்தும் அக்கா தன் தேவைக்கு 'பால் திரிந்துவிட்டது' என்று சேர்த்திருந்தார். டெஸ்பாட்ச்காரர் அவசரத்தில் 'பாலிஷ் முடியவில்லை'யைத் தொடப்போய், மேலே இருந்த பாலைத் தொட்டுவிட்டார்.

"கேன்டீன் காரணம் கேன்டீனுக்கு மட்டும் தெரியட்டும். அவங்களுக்கு மத்தது எதுவும் வேண்டாம்," என்றார் மேனேஜர். ஒவ்வொரு காரணத்தையும் எந்தப் பிரிவு பார்க்கலாம் என்று டிக் செய்யும் இடம் உண்டு. சொன்னபடி செய்தேன்.

மறுநாள் இட்லிக்குச் சட்னி இல்லை. கேன்டீன் பதிவில் காரணம்: பால் திரிந்துவிட்டது.

மேனேஜரும் நானும் போய்க் கேட்டோம். அக்கா கரண்டியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்.

"கரண்ட் போச்சுங்க, மிக்ஸி ஓடல. அப்புறம் கம்ப்யூட்டர்ல பார்த்தா லிஸ்ட்ல கரண்ட்டையே காணோம். பாலும் கேஸும்தான் இருக்கு. கேஸ் தீந்துச்சுன்னு பொய் சொல்லவா?"

"பால்னு போட்டதும் பொய்தானேங்க?" என்றார் மேனேஜர்.

"அதை யாரும் நம்ப மாட்டாங்கல்ல."

மேனேஜருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மதியமே எல்லாப் பிரிவினரையும் கூட்டி, எந்தக் காரணம் யாருக்கு என்று பிரிக்க உட்கார்ந்தோம். மழை எல்லாருக்கும் வேண்டுமாம், ஏசி அறையை விட்டு வெளியே வராத அக்கவுண்ட்ஸுக்கும்கூட. மழையையும் கரண்ட்டையும் பொதுவில் வைத்தேன். 'ஆள் வரவில்லை' என்று வாசித்தபோது மட்டும், தங்கள் பிரிவில் அப்படி நடப்பதே இல்லை என்பதுபோல ஆளாளுக்கு ஃபேனைப் பார்த்தார்கள்.

"அதை எனக்குப் போடுங்க," என்றார் அக்கா. "இன்னைக்கே ரெண்டு பேர் வரல."

கேன்டீனுக்கு டிக் செய்தேன். சாயங்காலம் பஸ்ஸில் அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுப் பெண், என் போனில் என்ன ஓடுகிறதென்று எட்டிப் பார்த்தார். போன் பைக்குள் இருந்தது.