பதினான்கு ‘சரிங்க’

தஞ்சாவூர் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ். போன மாதத் தொடக்கத்தில் அதன் வாசலில் ஒரு ஃபிளக்ஸ் கட்டியிருந்தார்கள். ‘நடத்தை மாற்ற அறிவியல் – தொழில்முறைப் பயிற்சி’. ஓரத்தில் இரண்டு ரோஜாப்பூ.

கழுத்தில் அடையாள அட்டையோடு எதிர் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஃபிளக்ஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“என்ன சார் பண்ணீங்க?”

“எதுக்குங்க?”

“இல்ல... நடத்தையை மாத்த அனுப்பியிருக்காங்களே. கோர்ட்லேந்தா, வீட்லேந்தா?”

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தமிழில் நடத்தை என்று ஆரம்பித்தாலே அடுத்து ‘சரியில்லை’ என்றுதான் காது எதிர்பார்க்கிறது. பள்ளிக்கூட டி.சி.யில் மட்டும்தான் அந்தச் சொல்லுக்கு மரியாதை – ‘நடத்தை: நன்று’. எனக்கு அதுவும் வாய்க்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சைக்கு முந்தின நாள் ஒரு வைக்கோல் லாரியில் ஏறிப் போனவன் நான். டி.சி. வாங்கவே இல்லை. என் நடத்தை பற்றி இன்றுவரை எழுத்துபூர்வமான ஆதாரம் கிடையாது.

அப்படிப்பட்டவனுக்கு இந்தப் பயிற்சி எதற்கு?

இந்தப் பக்கத்தில் எழுதுவது போக நான் ஒரு சின்ன அமைப்பில் களப்பணியாளன். கீழ்வேளூர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் சர்க்கரை நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும். மாத்திரை போடுகிறார்களா, காலைக் கவனிக்கிறார்களா, டாக்டரிடம் போகிறார்களா... போகாதவர்களைப் போக வைக்க வேண்டும்.

என் படிப்பைப் பார்த்து யாரும் இந்த வேலையைக் கொடுக்கவில்லை. வாயைப் பார்த்துக் கொடுத்தார்கள். நாகப்பட்டினம் பாசஞ்சரில் பல்பொடியும் சீப்பும் விற்றவன் நான். வண்டி திருவாரூர் வருவதற்குள் பல்லே இல்லாத ஒருவருக்குப் பல்பொடி விற்றிருக்கிறேன். சூரத்தில் சாயப் பட்டறை, பம்பாயில் டீ, நடுவில் ஒன்றரை வருஷம் லாரி கிளீனர் – எங்கே போனாலும் சோறு போட்டது பேச்சுதான். சில நாள் அதுவும் போடவில்லை. அப்போது அடுத்த ஊருக்குப் போனேன்.

ஆக, ஆளை மாற்றப் பயிற்சி என்றதும் எனக்குள் ஒரு சிரிப்பு. இவர்கள் எனக்குச் சொல்லித் தருவதாவது...

பயிற்சியாளர் நளினி மேடம் மெல்லப் பேசுகிறவர். பெரிய படிப்பு. முதல் நாளே என் பிழைப்பில் கை வைத்தார். நோயாளியோடு பேசும்போது பாதிக்கு மேல் உங்கள் குரல் கேட்டால் ஏதோ தப்பு நடக்கிறது என்று அர்த்தமாம். ஒரு ஆள் தப்பாகச் செய்வதைப் பார்த்தவுடன் திருத்தத் துடிக்கிறோமே, அந்தத் துடிப்பை முதலில் அடக்க வேண்டுமாம். மாற வேண்டியதற்கான காரணம் அவர் வாயிலிருந்து வர வேண்டும், நம் வாயிலிருந்து வந்தால் அது நம்முடைய காரணம், அவருடையது அல்ல என்றார். நோட்டில் எழுதிக்கொண்டேன். நம்பவில்லை.

நான்கு நாள் முடிந்ததும் வீட்டுப்பாடம். ஒரு நோயாளியோடு நீங்கள் பேசுவதை, அவர் சம்மதத்தோடு, போனில் பதிவு செய்து அடுத்த வாரம் கொண்டுவர வேண்டும். அதைக் கேட்டுவிட்டுத்தான் சான்றிதழ்.

எனக்குச் சான்றிதழ் என்று ஒன்றைக் கையில் வாங்கிப் பார்க்க ஆசை. அதனால் என் பட்டியலிலேயே தங்கமான ஆளைத் தேர்ந்தெடுத்தேன். காத்தமுத்து.

அறுபத்தைந்து வயசிருக்கும். அந்த நாளில் பண்ணையாள். இப்போது மூன்று மா, அதாவது சுமார் ஒரு ஏக்கர், சொந்த நிலம், தன் பேரில் பட்டா. அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. உள்ளே ஒரு ஆட்சி கொடுத்த டிவிக்கு மேல் அடுத்த ஆட்சி கொடுத்த மிக்ஸி உட்கார்ந்திருக்கும். சர்க்கரை பன்னிரண்டு வருஷமாக. இடது காலில் சுண்டுவிரல் ஏற்கெனவே போய்விட்டது. இப்போது அதே பாதத்தின் அடியில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண். செருப்பில்லாமல் வரப்பில் நடந்து இது ஆறாமல் போனால் அடுத்து பாதத்தையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காத்தமுத்துவோ வெறுங்காலோடுதான் மடை திருப்பப் போகிறார். அமைப்பிலிருந்து கொடுத்த மெத்தைச் செருப்பு பரணில் கிடக்கிறது.

ஆனால் மனிதர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அதுதான் எனக்கு வசதி.

பதிவு பண்ணிக்கலாமா, வகுப்பில் போட்டுக் காட்டுவோம் என்றேன். சரிங்க என்றார். ஆரம்பித்தேன். பாதத்தில் ரத்தம் எப்படி ஓடுகிறது, புண்ணில் கிருமி எப்படிப் புகுகிறது, கால் போனால் அவர் மனைவி அஞ்சம்மாள் என்ன பாடுபடுவார், செருப்புப் போட்டால் எத்தனை சுகம்... நானே கேட்டு உருகும்படி பேசினேன். பாசஞ்சர் வண்டி நாள்களுக்குப் பிறகு அப்படிப் பேசியதில்லை. காத்தமுத்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் சரிங்க, சரிங்க என்றார்.

அடுத்த வாரம் தஞ்சாவூர். ஏ.சி. ஹாலில் முப்பது பேருக்கு நடுவே என் குரல் ஸ்பீக்கரில் ஓடியது. முதல் இரண்டு நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பக்கத்தில் பட்டுக்கோட்டை நர்ஸ் தமிழரசி ஒரு காகிதத்தில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

பதினோராவது நிமிஷம் ஓய்ந்தது. அவர் என்ன சொல்கிறார் என்று மேடம் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொள்கிறார் மேடம் என்றேன்.

“என்ன வார்த்தை சொல்றார்?”

“சரிங்கன்னு.”

“பதினாலு தரம், அண்ணே” என்றார் தமிழரசி. “கோடு போட்டிருக்கேன்.”

“வேற ஏதாவது சொன்னாரா?”

“நடுவுல ஒரு தரம் இருமினாரு மேடம்” என்றது பின்வரிசை. ஹால் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

மேடம் சிரிக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அவர் செருப்புப் போட்டா என்ன ஆகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா, சார்?”

பதினோரு நிமிஷம் பேசியவனுக்கு அது தெரியவில்லை.

சான்றிதழ் தரவில்லை. திரும்பப் போய்ப் பேசிவிட்டு வாருங்கள் என்றார். ‘ஏன் போடலை’ என்று கேட்கக் கூடாது, அது விசாரணை, ஆள் சாக்குத் தேட ஆரம்பித்துவிடுவார். ‘போட்டா என்ன ஆகுது’ என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஒரு அருமையான விளக்கம் தோன்றிவிட்டது. அந்த ஊரில் ஒரு தெரு உண்டு. அந்தக் காலத்தில் காத்தமுத்துவின் ஆட்கள் அந்தத் தெருவைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பயம் உள்ளே தங்கிவிட்டது, அதனால்தான் இன்றும் வெறுங்கால்... எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது. இரண்டு பத்திக்கு விஷயம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் போனேன். அஞ்சம்மாள் டீ கொடுத்தார். வகுப்பில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்ததைச் சொன்னேன். உங்கள் சரிங்கவை எண்ணிவிட்டார்கள், பதினான்கு என்றேன். காத்தமுத்து முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார். அப்புறம் தானாகவே பேச ஆரம்பித்தார்.

“நாங்க வாலிபமா இருக்கறப்ப, பண்ணையிலேந்து வேலைக்குக் கூப்பிட காரியக்காரர் வருவாரு தம்பி. விடியங்காட்டி எல்லாரும் வயல்ல நிக்கணும்பாரு. சரிங்கன்னுவோம். கூலி பேசாம இறங்கறதில்லைன்னு சங்கம் முடிவு பண்ணுச்சு பாருங்க, அன்னிக்கும் வந்தாரு. அன்னிக்கும் சரிங்கன்னுதான் சொன்னோம். விடிஞ்சா ஒரு ஆள் இல்லை. ‘சரின்னு சொன்னீங்களேடா’ன்னு குதிக்கிறாரு.”

டீயைக் குடித்து முடித்தார்.

“சரின்னுதான் சொன்னோம். வர்றோம்னு சொன்னமா?”

அஞ்சம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. சரிங்க என்றால் காதில் விழுந்தது என்று அர்த்தம். அவ்வளவுதான். காரியக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தால் எப்படியிருப்பாரோ, அப்படித்தான் நானும் இத்தனை மாதமாக அந்த வாசலில் வந்து நின்றிருக்கிறேன்.

“அண்ணே, அந்தச் செருப்பைப் போட்டா என்ன ஆகுது?”

ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு வரும்போது நாக்கு துடிக்கிறது. என் பஸ் விளக்கத்தை எடுத்துவிட வேண்டும்போல இருக்கிறது. ஏழில் அவர் அஞ்சம்மாளைப் பார்த்தார். ஒன்பதில் பெருமூச்சு விட்டார்.

“கழண்டு போயிருது தம்பி.”

மனசுக்குள் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.

“காலு மரத்துப் போச்சுல்ல. செருப்பு இருக்கா இல்லையான்னே தெரியாது. வரப்புல ஒண்ணு கழண்டு கெடக்கும், நான் பாட்டுக்கு ஒத்தச் செருப்போட நடந்து வந்துருக்கேன். அந்தத் தெரு வழியாத்தான் வந்துருக்கேன். டீக்கடையில உக்காந்திருந்தவன்லாம் சிரிக்கிறான். என்ன காத்தமுத்து, ஒத்தக் காலுக்குத்தான் பட்டா குடுத்தாங்களாங்கிறான்.”

காலி டீ டம்ளரைத் தள்ளி வைத்தார்.

“அந்தத் தெருவுல மொத மொதல்ல செருப்பு போட்டு நடந்தவனே நான்தான் தம்பி. பதினெட்டு வயசு. அன்னிக்கு அடிக்க வந்தானுவ, கழட்டலை. இன்னிக்கு அதே எடத்துல... அது தானாக் கழண்டது எனக்கே தெரியலை.”

என் அருமையான விளக்கம் அந்த இடத்திலேயே செத்தது. பயமா? அந்த மனிதருக்கா? அவர் காப்பாற்றிக்கொண்டிருந்தது பயத்தை இல்லை, மானத்தை. சிரிப்புக்கு ஆளாவதைவிட வெறுங்கால் மேல் என்று முடிவு செய்துவிட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சரிங்க சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான், எனக்கு முன்னால் வந்தவர்கள் – யாருமே அவரை ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் சொன்னோம்.

என்ன செய்யலாம் என்று அவரையே கேட்டேன். இதுவும் பாடம்தான், ஆனால் அந்த நேரத்தில் எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. பின்னால் வார் இருந்தால் கழலாது என்றார் அஞ்சம்மாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரியா என்று முறைத்தார் காத்தமுத்து. கொஞ்ச நேரம் கழித்து, கறுப்பு வாராக இருந்தால் வெளியே தெரியாது என்றும் அவரே சொன்னார். செருப்பைக் கீழ்வேளூருக்கு எடுத்துப் போய்க் குதிகாலுக்கு அகலமான கறுப்பு வார் தைத்து, உள்பக்கம் மெத்தை வைத்துக் கொண்டுவந்தேன்.

பழக்கத்தைக் கொண்டுவர ஒரு வழி சொல்லித்தந்திருந்தார்கள்: ஏற்கெனவே தினமும் செய்கிற காரியத்தோடு புதுசைக் கட்டிவிட வேண்டும். அதை விளக்க வாயெடுத்தேன்... அடக்கிக்கொண்டேன். மறக்காமல் போட என்ன பண்ணுவீர்கள் என்று மட்டும் கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

போன வாரம் போய்ப் பார்த்தால், சுவரில் சாய்த்து வைத்திருந்த மண்வெட்டியின் பிடியில் அந்த ஜோடிச் செருப்பு தொங்குகிறது. செருப்பை எடுக்காமல் மண்வெட்டியை எடுக்க முடியாது. மண்வெட்டி இல்லாமல் அவர் வயலுக்குப் போகமாட்டார். நளினி மேடம் நான்கு ஸ்லைடு போட்டு நடத்திய பாடம். சாயங்காலம் கால் கழுவும்போது அஞ்சம்மாள் பாதத்தைத் திருப்பிப் பார்த்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுக்கிறாராம். புண்ணின் ஓரம் காய ஆரம்பித்திருக்கிறது. டாக்டர் இன்னும் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. எனக்கு நம்பிக்கை இருக்கிறது. ஒன்பது விரலும் அவரோடுதான் இருக்கும்.

இந்த முறையும் பதிவு செய்தேன். அதில் கடைசிப் பகுதி இது. புண்ணைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் புதன்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். புதன்கிழமை போவோமா, அண்ணே என்றேன்.

“முடியாது” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை மாதத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை.

“புதன்கெழமை நம்ம முறைத்தண்ணி. விட்டா வாய்க்கா வேற ஆளுக்குப் போயிரும். வியாழக்கெழமை காலையில வர்றேன். நீங்க வண்டியக் கொண்டாங்க.”

வியாழக்கிழமை ஏழு மணிக்குப் போனேன். வாசலில் தயாராக நின்றுகொண்டிருந்தார். இரண்டு காலிலும் செருப்பு. எந்த வழியாகப் போகலாம் என்று கேட்டேன். அந்தத் தெரு வழியாகவே விடச் சொன்னார்.

நளினி மேடம் பதிவைக் கேட்டுவிட்டுச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். மொத்தப் பேச்சில் அந்த ‘முடியாது’தான் சிறந்த இடம் என்றார். எழுதுவதற்கு முன் காத்தமுத்துவிடம் கேட்டேன் – பெயரைப் போடலாமா என்று. கூடாது என்று சொல்லிவிட்டார். ஆகவே அவர் பெயர் காத்தமுத்து இல்லை.

நானும் வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் சரி, சரி என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ் ஏறியவன்தான். அவர்களில் ஒருவராவது வாயை மூடிக்கொண்டு பத்து வரை எண்ணியிருந்தால் ஏதாவது ஓர் ஊரில் தங்கியிருப்பேனோ என்னவோ.

உங்கள் வீட்டிலும் மாத்திரைக்கு, நடைப்பயிற்சிக்கு, சிகரெட்டுக்கு என்று தினம் யாரோ ஒருவர் உங்களுக்குச் சரி சொல்லிக்கொண்டிருப்பார். இன்றைக்கு அவரை ஒன்று கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்து பாருங்கள்... செய்வீர்களா?

தயவுசெய்து சரிங்க என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.