பக்கத்து சீட்டில் டேனியல்

என் தங்கை ஷர்மிளாவின் புருஷன் டேனியலுக்கு எடுப்பான மூக்கு. வாசனைதான் தெரியாது. இந்த விஷயம் ஆம்பூரில் அவனுக்கும் என் தங்கைக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். கல்யாணம் ஆன புதிதில் ஒருநாள் குழம்பு அடிப்பிடித்துத் தெருவே தீய்ந்த வாசனை அடித்தபோது, இவன் அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தானாம். ஷர்மிளா போட்ட சண்டையில்தான் உண்மையைச் சொன்னான். ஆம்பூரில் இருந்துகொண்டு பிரியாணி வாசனை தெரியாத ஒரே ஆள் நீதான் மாப்ள என்று நான் கேலி செய்வேன். சிரிப்பான். இப்போது அதை நினைத்தால் என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

சின்ன வயதில், ஊரில் பெரிய பாய் என்று கூப்பிடுகிற முதலாளியின் தோல்ஷாப்பில், தோல் பதனிடுகிற குரோம் டிரம்மில் வேலை பார்த்தவன் அவன். மருந்துத் தண்ணீரில் ஊறிய தோலை டிரம்மிலிருந்து இழுத்துப் போடுகிற வேலை. மூடியைத் திறந்தாலே கண் எரியும். முகத்தில் கட்டிக்கொள்ள ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. முதலில் மூக்கில் ரத்தம் வந்தது, அப்புறம் பொருக்குத் தட்டியது, கடைசியில் வாசனையே போய்விட்டது. டாக்டர் ஒரு துவாரத்தில் விளக்கடித்தால் அடுத்த துவாரத்தில் வெளிச்சம் தெரிந்ததாம். நடுவில் ஓட்டை. பெரிய பாய் கெட்டவர் இல்லை. தொழிலாளி வீட்டில் சாவு என்றால் முதல் ஆளாக வந்து நிற்பார். அந்தக் காலத்தில் எல்லா தோல்ஷாப்பிலும் அப்படித்தான் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். என் மாப்பிள்ளையின் மூக்கு போனது அவருடைய டிரம்மில்தான். யாருக்காகவும் நான் இதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

அங்கிருந்து வெளியே வந்து மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டு, பைபாஸ் பக்கம் சொந்தமாக ஒரு ஷெட் போட்டான். காதும் கையும் அவனுக்கு நல்ல கூர்மை. இன்ஜின்மேல் உள்ளங்கையை வைத்தே பாதி வியாதியைச் சொல்லிவிடுவான். ஆனால் கிளட்ச் தீய்வதையும் பெட்ரோல் கசிவதையும் மெக்கானிக்குக் காட்டிக்கொடுப்பது மூக்குதானே? அதற்கு அவன் ஒரு வழி வைத்திருந்தான். வேலை முடிந்த காரை நிறுத்தி, அடியில் பழைய செய்தித்தாளை விரித்துவிடுவான். காலையில் பேப்பரில் விழுந்திருக்கும் கறையைப் பார்த்து இது இன்ஜின் ஆயில், இது பிரேக் ஆயில், இது ரேடியேட்டர் தண்ணீர் என்று பிரித்துவிடுவான். மிச்சத்துக்கு ஷர்மிளா இருந்தாள். ஷூ கம்பெனியில் தையல் வேலை முடிந்து வருகிற வழியில் ஷெட்டில் எட்டிப் பார்ப்பாள். புருஷனுக்கு டீ கொண்டுவருகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் காரை ஒரு சுற்றுச் சுற்றி மோந்துவிட்டுப் போவது யாருக்கும் தெரியாது.

வெளியே சொன்னால்தான் என்ன என்று நான் கேட்டிருக்கிறேன். "மூக்கு இல்லாத மெக்கானிக்கிட்ட எவன் மச்சான் வண்டிய விடுவான்?" என்றான்.

பெரிய பாய் காலமான பிறகு தொழிலை அவர் மகன் முக்தார் அகமது பார்த்துக்கொண்டான். ஊரில் சின்ன பாய் என்போம். தங்கமான பையன். போன வருஷம் பெங்களூரிலிருந்து இரண்டு பேர் மட்டும் உட்காருகிற பழைய ஜெர்மன் காரை வாங்கி வந்தான். சிவப்பு நிறம். தரையோடு தரையாகக் கிடக்கும். நம் பஜாரில் ஒவ்வொரு வேகத்தடையிலும் அது வயிற்றைத் தேய்த்துக்கொண்டு போவதைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும்.

சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் டிராக் டே என்று ஒன்று நடத்துகிறார்கள். போட்டி இல்லை, பரிசு இல்லை. சொந்தக் காரைக் கொண்டுபோய் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஆசை தீர ஓட்டிவிட்டு வரலாம். சின்ன பாய் முதல் தடவையாகப் பேர் கொடுத்தான். நேராக டேனியலிடம் வந்து, "வண்டிய நீங்கதான் ரெடி பண்ணணும் டேனியல் அண்ணே. காலைல ரவுண்டு எனக்கு, மத்தியான ரவுண்டு உங்களுக்கு. உங்க பேரையும் குடுத்துட்டேன்" என்றான்.

என் மாப்பிள்ளை அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை. வாழ்நாளெல்லாம் அடுத்தவன் காரை ரிப்பேர் செய்து, ஓட்டிப் பார்க்கிறேன் என்று பள்ளிகொண்டா வரை போய்த் திரும்புகிறவன் அவன். அதிலும் பாதி மிதிக்கும்போதே குறுக்கே மாடு வரும், இல்லாவிட்டால் ஷேர் ஆட்டோ வரும். ஒரு காரை அதன் முழு பலத்தோடு ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவன் இந்த உலகத்தில் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. ஹெல்மெட் வாங்கி வந்து, அதைப் போட்டுக்கொண்டே வீட்டில் டி.வி. பார்த்தான். ஷர்மிளாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

காரை அவன் பார்த்த மாதிரி யாரும் பிள்ளையைக்கூடப் பார்க்க மாட்டார்கள். பந்தயத் தடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தினால் பழைய பிரேக் ஆயில் கொதித்துவிடும் என்று மொத்தத்தையும் மாற்றினான். பிரேக் கட்டைகள் புதிது, டயர் புதிது. மிதியடி, ஸ்டெப்னி, ஜாக்கி என்று உள்ளே உருளக்கூடிய எல்லாவற்றையும் கழற்றி என் குட்டியானையில் ஏற்றினான். சரக்கு வண்டி ஓட்டுகிற எனக்கு அன்றைக்கு அதுதான் லோடு. தோள்மேல் வந்து மாட்டுகிற பெல்ட்டைப் பொருத்தினான். கடைசியாக, பெட்ரோல் குழாய் பழசாக இருக்கிறதே என்று அதையும் மாற்றினான். அவனை யாரும் மாற்றச் சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஷர்மிளா ஷெட்டுக்கு வந்தபோது நானும் இருந்தேன். அவன் அப்போதுதான் காரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து நிறுத்தியிருந்தான். அவள் முன்பக்கம் குனிந்தாள்.

"பெட்ரோல் வாசனை அடிக்குதுங்க."

"பின்ன அடிக்காதா? மத்தியானம் எல்லாத்தையும் பெட்ரோல்லதானே தொடச்சேன்."

"தொடச்சது இவ்ளோ நேரமா இருக்கும்? இன்னொரு தபா பாருங்களேன்."

அவன் முகம் சுருங்கியது. அவள் வார்த்தையை அவன் தட்டி நான் பார்த்ததில்லை. அன்று தட்டினான். மறுபடி குழாயைக் கழற்றினால் ஒருநாள் போய்விடும், டிராக் டேயும் போய்விடும், அடுத்தது எப்போது வருமோ, சின்ன பாய் மறுபடி கூப்பிடுவானோ மாட்டானோ. இதெல்லாம் அவன் வாயால் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது, ஷர்மிளாவுக்கும் புரிந்திருக்கும். "பேப்பர் போடறேன். காலைல பாத்துக்கலாம்" என்றான்.

காலையில் பேப்பரில் ஒரு சொட்டுகூட இல்லை. "பாத்தியா?" என்று அதை எடுத்து அவளிடம் ஆட்டிக் காட்டினான். அவள் அவன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாள். இன்ஜின் ஓடும்போது மட்டும் கசிகிற பெட்ரோல் நிற்கிற காரிலிருந்து எப்படிச் சொட்டும்? அப்படியே சொட்டினாலும் ஆவியாகிப் போயிருக்கும். பேப்பர் எதைக் காட்டும்? அடுத்தவன் காராக இருந்திருந்தால் அவனே இதை எனக்குப் பாடம் எடுத்திருப்பான். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

சின்ன பாய் ஓட்ட, டேனியல் பக்கத்து சீட்டில். நான் பின்னாலேயே குட்டியானையில் போனேன். இருங்காட்டுக்கோட்டையில் அதிகாரி ஒருவர் வந்து பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், பேட்டரி கட்டியிருக்கிறதா என்று பார்த்தார். சுற்றிலும் நாற்பது கார் உறுமிக்கொண்டிருந்த இடத்தில் எந்த வாசனை எந்தக் காருடையது என்று யாருக்குத் தெரியும்? கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார். டேனியல் அந்த ஸ்டிக்கரைத் தடவிக்கொண்டே நின்றான்.

சின்ன பாய் தடத்துக்குள் போனான். முதல் சுற்றில் எங்களைக் கடக்கும்போது கையைத் தூக்கிக் காட்டினான். டேனியல் விசிலடித்தான். அவனுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அடுத்த சுற்றில் தூரத்து வளைவில் கார் வரும்போது முன்பக்கம் வெள்ளையாகப் புகை தெரிந்தது. புகை கறுத்தது. அப்புறம் நெருப்பு. கார் புல்லில் இறங்கி நின்றது. பெல்ட்டைக் கழற்றி வெளியே வருவதற்குள் சின்ன பாயின் இடது கையில் சட்டை உருகி ஒட்டிக்கொண்டது. டேனியல் வேலியைத் தாண்டி ஓடினான். காவலுக்கு நின்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் கையில் திமிறிக்கொண்டு, "நான்தான் மெக்கானிக்கு, நான்தான் மெக்கானிக்கு" என்று கத்திக்கொண்டே இருந்தான்.

உயிருக்கு ஆபத்து இல்லை. முதலுதவி செய்து வேலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். விரல்கள் மடங்க நாளாகும், முழுசாக மடங்குமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். இரண்டு நாள் கழித்து எங்களை உள்ளே விட்டார்கள். சின்ன பாயின் கை தோள் வரை கட்டுப் போட்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் சிரித்தான். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

"ஒண்ணு கேக்கட்டா டேனியல் அண்ணே?" என்றான். "விரிஞ்சிபுரம் தாண்டறப்பவே எனக்குப் பெட்ரோல் வாசனை வந்துச்சு. வாலாஜாகிட்ட ஜாஸ்தியாவே வந்துச்சு. நீங்க பக்கத்துலயே உக்காந்துனு சும்மா வந்தீங்க. அண்ணனே ஒண்ணும் சொல்லலியே, அப்ப இந்த வண்டிக்கு இப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சிக்கினேன். உங்களுக்கு வரலியா?"

டேனியல் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "எனக்கு வாசனை தெரியாது பாய்."

"இன்னாண்ணே சொல்றீங்க? எப்பத்துலேர்ந்து?"

நான் வாயைத் திறந்துவிட்டேன். "உங்க அப்பா..." என்று ஆரம்பித்த என் மணிக்கட்டை டேனியல் நெரித்த நெரிப்பு இரண்டு நாள் வலித்தது.

"சின்ன வயசுல ஒரு ஜொரம் வந்துச்சு பாய். அதுல போய்ட்டுது."

சின்ன பாய் கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் நகர்த்தி வைத்தான். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வரும் வழியெல்லாம் நான் கத்தினேன். உண்மையைச் சொன்னால் என்ன, பயமா, யாருக்காக இந்தப் பொய், உன் மூக்கைத் தின்றவர்களுக்கு நீ எதற்கு வக்காலத்து என்று வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டேன். பள்ளிகொண்டா டோல்கேட் வரிசையில் நிற்கும்போதுதான் அவன் பேசினான்.

"அந்தப் புள்ள என்னை நம்பி ஏமாந்துட்டான் மச்சான். அவங்க அப்பாவையாவது நம்பிக்கினு இருக்கட்டும்."

இன்றைக்கும் அவன் செய்தது சரி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அதற்கப்புறம் டேனியல் ஷெட்டைத் திறக்கவில்லை. விட வந்த வண்டிகளை வேறு இடம் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டான். வீட்டில் எந்நேரமும் உள்ளங்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். ஷர்மிளா ஒரு தடவைகூட "நான் அன்னைக்கே சொன்னேனே" என்று கேட்கவில்லை. அவன் முன்னால் அவள் கண் கலங்கியும் நான் பார்க்கவில்லை. சோறு போட்டாள், வேலைக்குப் போனாள், வந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து நாங்கள் திரும்பியபோது வீட்டு வாசலில் ஒரு கார் நின்றது. சின்ன பாயின் அம்மாவுடைய கார். அவனே டிரைவரோடு வந்திருந்தான். இடது கையில் இன்னும் கட்டு. அவனாகவே ஒற்றைக் கையால் பானட்டைத் தூக்கி நிறுத்தினான்.

"ஏதோ தீயற மாதிரி வாசனை வருதுண்ணே. நீங்க கை வெச்சிப் பாருங்க, நான் மோந்து மோந்து சொல்றேன். ரெண்டு பேரும் சேந்தா கண்டுபிடிச்சிட மாட்டோமா?"

டேனியல் கார் வரை நடந்தான். கையை நீட்டினான். இன்ஜினைத் தொடுவதற்கு முன்னால் சின்ன பாயின் கைக்கட்டைப் பார்த்தான். கை அப்படியே நின்றது.

"ஆம்பூர்ல நல்ல மெக்கானிக்குங்க நெறைய பேரு இருக்காங்க பாய்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டான்.

சின்ன பாய் ஒற்றைக் கையாலேயே பானட்டை மூடினான். கார் தெரு திரும்பிய பிறகு என் தங்கை வாசல்படியில் உட்கார்ந்து, முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள்.