செவ்வாய்க்கிழமை மிளகாய்

எனக்குப் பேசிவந்திருக்கும் மாப்பிள்ளை விமானி என்று அப்பா சொன்னபோது நான் அம்மியில் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தேன். குழவியைப் போட்டது போட்டபடி எழுந்து வந்து, என்ன வேலையென்று இன்னொருக்காச் சொல்லுங்கோ என்று கேட்டேன். எங்கள் ஊர் உடுவிலில் இந்தக் குறுகிய ஒழுங்கைக்கு வந்த மாப்பிள்ளைமார் எல்லோரும் கிளாக்கர், வாத்தியார், மிஞ்சிப்போனால் வங்கி. ஆகாயத்தில் போகிறவனை யாருக்கும் பேசியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. அது எண்பத்து மூன்றாம் ஆண்டு சித்திரை மாதம். பட்டப்படிப்பை முடித்துவிட்டு, ஆசிரியர் நியமனம் இந்தா வருகிறது அந்தா வருகிறது என்று வீட்டில் குந்தியிருந்தேன். இப்போது சொல்வதற்கு என்ன வெட்கம்? முகத்தைப் பார்க்க முன்பே எனக்குச் சம்மதம்.

அவர் வல்வெட்டித்துறைக்காரர். பாட்டனார் பாய்க்கப்பலில் பர்மா வரை போய்வந்தவராம். பேரன் அரசாங்க விமானப்படையில் பத்து வருஷம். ஆட்களையும் சாமான்களையும் ஏற்றி இறக்கும் இரட்டை எஞ்சின் விமானம் ஓட்டுகிறவர். தெற்கிலிருந்து எங்கள் பக்கத்துப் பலாலி விமானத்தளத்துக்கு வாராவாரம் வருகிறவர். ஒரே ஒரு சிக்கல்தான். அவருடைய ஒப்பந்தம் புரட்டாதியோடு முடிகிறது. இன்னொரு கையெழுத்து வைத்தால் பென்சன் வரைக்கும் அங்கேயே இருக்கலாம். வைக்காவிட்டால் சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வரவேண்டும்.

என் வீட்டில் இதை வைத்துப் பெரிய வழக்கு. தபால் கந்தோரில் முப்பது வருஷம் இருந்து பென்சன் எடுத்து, இப்போது மிளகாய்த் தோட்டம் செய்கிறவர் அப்பா. கையெழுத்து வைத்தால்தான் கலியாணம் என்றார். அம்மாவோ, அந்தரத்தில் தொங்குகிற உத்தியோகம் வேண்டாம், விலகினால்தான் கலியாணம் என்றா. இரண்டு பேரும் சாப்பிடும்போது இதையே கதைத்தார்கள். கட்டப்போகிற என்னிடம் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: அவர் பறக்கவேண்டும். எனக்குத் தேவை விமானி. வெறும் மாப்பிள்ளையென்றால் ஊரில் எத்தனையோ பேர் இருந்தார்கள்.

கோயில் வீதியில்தான் முதல் முதல் கண்டோம். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் தற்செயலாகச் சந்தித்ததுபோல் நடித்து, எங்களைத் தேரடிப் பக்கம் ஐந்து நிமிஷம் கதைக்க விட்டார்கள். நல்ல கறுப்பு, நெடுவல், சிரிக்க முன்பே கண் சிரித்துவிடும். நான் கேட்ட முதற்கேள்வி, மேலே இருந்து பார்த்தால் எங்கள் வீடு தெரியுமா என்பது. பலாலியில் இறங்க வரும்போது உடுவிலுக்கு மேலால்தான் பதிந்து வருவதாகவும், கூரைகள் தெரியும், யாருடைய கூரை என்று தெரியாது என்றும் சொன்னார். அது எனக்குப் போதவில்லை. என் வீட்டை அவர் கண்டே ஆகவேண்டும் என்று நின்றேன். விசரி என்று நினைத்திருப்பார்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்து ஒரு கடிதம் எழுதினேன். எங்கள் தோட்டத்தில் பழ மிளகாய் பறிக்கிற காலம். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு முற்றத்தில் பாய் விரித்து மிளகாயைப் பரப்பி வைக்கிறேன், சிவப்பைக் கண்டால் அதுதான் எங்கள் வீடு என்று. பதில் ஒரு வரி: கண்டால் விமானத்தின் செட்டையை ஒரு பக்கம் சரிக்கிறேன்.

அந்த முதல் செவ்வாய்! விடியவே எழும்பி முற்றத்தை இரண்டு தரம் கூட்டினேன். நாலு பாயையும் ஒன்றோடொன்று முட்ட விரித்து, ஒரு பழம் விலகாமல் பரப்பினேன். இவளுக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று அம்மா குசினி வாசலில் நின்று பார்த்தா. பத்தே முக்காலுக்கு இரைச்சல் கேட்டது. தென்னைகளுக்கு மேலால் வெள்ளையாக, நான் நினைத்ததைவிடப் பெரிதாக, வயிறு தெரிய வந்தது. வந்து, ஐயோ, இடது செட்டை பதிந்து வலது செட்டை எழும்பியது! நான் துள்ளிய துள்ளலில் மிளகாயை மிதித்து, சிதறியதை அள்ளிய கையால் கண்ணைக் கசக்கி, பிறகு பின்னேரம் வரைக்கும் கிணற்றடியில் கண்ணைக் கழுவினேன். எரிச்சலில் அழுகிறேனா சந்தோஷத்தில் அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

வைகாசி முழுக்க, ஆனி முழுக்க, ஒரு செவ்வாய் தவறவில்லை. கிழமையின் மற்ற ஆறு நாளும் எனக்கு வெறும் நாள்தான். அப்பாவும் அம்மாவும் தங்கள் வழக்கை நடத்திக்கொண்டே இருக்கட்டும், எனக்கும் அவருக்கும் ஆகாயத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். கையெழுத்து வையுங்கோ என்று கடிதத்தில் நேரே எழுத மட்டும் துணிவு வரவில்லை. நேரில் கேட்டால் சொல்வோம் என்று வைத்திருந்தேன்.

ஆடி மாதம் தெற்கில் தமிழருக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. உடுத்த துணியோடு சனம் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியது. நான் செவ்வாய்க்கு மிளகாயைப் பரப்பிவிட்டு நின்றேன். விமானம் வந்தது. செட்டை சரியவில்லை. ஓட்டுவது அவரில்லை என்று உடனே தெரிந்தது. அடுத்த செவ்வாயும் சரியவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. வெயிலில் நின்ற என்னை அம்மா கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனா. அந்த மூன்று கிழமையும் நான் சோறு தின்றதாக ஞாபகம் இல்லை.

பிறகுதான் கடிதம் வந்தது. உறையின் மேல் அவருடைய எழுத்தைக் கண்டதும், பிரிக்க முன்பே சத்தம் போட்டு அழுதேன். அவருடைய மேலதிகாரி, ஒரு சிங்களவர், அவரைத் தன் குவாட்டர்ஸில் ஒன்பது நாள் ஒளித்து வைத்திருக்கிறார். அந்த அதிகாரியின் மனைவி நேரத்துக்கு நேரம் சோறு கொடுத்திருக்கிறா. அந்த மனிதரே இப்போது, போகாதே, கையெழுத்து வை, உன்னை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்கிறாராம். லீவு கிடைத்திருக்கிறது, வருகிறேன், நேரில் கதைப்போம் என்று முடித்திருந்தார்.

இதோடு வீட்டு வழக்குத் தலைகீழாகிவிட்டது. பென்சனும் மண்ணாங்கட்டியும், நாளைக்கே விலகட்டும் என்றார் அப்பா. வெளியே ரயிலுக்குள்ளேயே ஆட்களை வெட்டுகிறார்கள், முகாமுக்குள் காப்பாற்ற ஒரு நல்ல மனிதராவது இருக்கிறார், அங்கேயே இருக்கட்டும் என்றா அம்மா. நான் மட்டும் மாறவில்லை. ஆள் உயிரோடு இருக்கிறார், இனிப் பறக்கவும் வேண்டும் என்றுதான் என் ஆசை போயிற்று. அவ்வளவு பேராசை.

ஆவணியில், ஒரு செவ்வாய்க்கிழமையாகவே பார்த்து வந்தார். யாரிடமோ இரவல் வாங்கிய சைக்கிளைப் படலையில் சாத்திவிட்டு உள்ளே வந்தவர், மெலிந்துபோயிருந்தார். அப்பா கதிரை எடுத்துப் போட்டார். அவர் இருக்கவில்லை. முற்றத்து ஓரத்தில் வந்து நின்று, கடைசிப் பறிப்பு மிளகாய் காய்ந்துகொண்டிருந்த பாய்களையே பார்த்தார்.

"உதுதானோ?"

"ஓம்."

"இவ்வளவு சின்னதோ?"

மேலே இருந்து ஒவ்வொரு செவ்வாயும் பார்த்தவருக்குத் தெரியாதா என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் ஒருநாளும் காணேல்லை. உடுவில் முழுக்க முற்றத்துக்கு முற்றம் சிவப்பு. எது உம்மடையெண்டு ஆருக்குத் தெரியும்? எல்லாருக்கும் பொதுவா ஒருக்காச் சரிச்சுப்போட்டுப் போறனான்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. இத்தனை செவ்வாயும் என்னை ஏமாற்றியிருக்கிறார்! அடுத்த கணமே என் மடைத்தனம் எனக்கு உறைத்தது. மிளகாய்த் தோட்டக்காரன் மகள், ஊரே மிளகாய் பறிக்கிற மாதத்தில், மிளகாயை அடையாளமாக வைத்திருக்கிறேன். கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்து, எது முந்தியது என்று தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து மடித்த கடுதாசி ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். கீழே கையெழுத்துக்குக் கோடு போட்ட இடம் வெறுமையாக இருந்தது. அப்பாவும் அம்மாவும் அதை எட்டிப் பார்த்தார்கள். அவர் அவர்களைப் பார்க்கவில்லை.

"நீர் என்ன சொல்லுறீர்?"

நாலு மாதமாக யாரும் கேட்காத கேள்வி. பதில் நாக்கு நுனியில் இருந்தது. வையுங்கோ, பறவுங்கோ. வாயைத் திறக்க முன்பு அவரே கதைத்தார்.

"பறக்காமல் நான் எப்பிடி இருக்கப்போறனெண்டு எனக்குத் தெரியேல்லை. என்னை ஒளிச்சு வைச்ச மனிசன்ரை முகத்தைப் பாத்து மாட்டன் எண்டு சொல்லுறதும் லேசில்லை. ஆனா இனிச் சாமான் மட்டும் ஏத்த விடமாட்டினம். ஒருநாளைக்குக் கீழை ஒரு இடத்தைக் காட்டி வேறை ஒண்டைப் போடச் சொல்லுவினம். உம்மடை முற்றத்தை மட்டும் விட்டிட்டுச் செய்யலாமெண்டாலும், எது உம்மடையெண்டு எனக்குத் தெரியாதே."

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு மிளகாய், அதற்கப்பால் மற்ற வீட்டு மிளகாய். எல்லாம் ஒரே சிவப்பாகக் கிடந்தன. துள்ளித் துள்ளிக் கை காட்டிய என்னை நினைத்தேன். அந்த ஒழுங்கையில் அந்நேரம் மிளகாய் கிளறிக்கொண்டு எத்தனை பெண்கள் நின்றிருப்பார்கள்?

"வையாதேங்கோ," என்றேன்.

அந்தக் கடுதாசியை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அப்பா கதிரையில் தானே இருந்துவிட்டார். எனக்கு ஆளைக் கட்டிப்பிடிக்கவேண்டும்போல் இருந்தது. பெற்றோர் முன்னால் அது நடக்கிற காரியமா? பாயின் இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாக நின்றோம்.

அப்போது இரைச்சல் கேட்டது. பதினொரு மணி. தென்னைக்கு மேலால் அவருடைய விமானம் வந்தது. கழுத்தை நிமிர்த்தி, அது வரும் திசையைப் பார்த்து, எனக்கு முன்னரே அவர் கையைத் தூக்கிக் காட்டினார். நானும் காட்டினேன். அது சரியாமல் நேராகப் போயிற்று.

சத்தம் அடங்கிய பிறகும் அவருடைய கை இறங்கவில்லை. மிளகாயைக் கிளறிவிடச் சொல்லி அம்மா என்னைக் கூப்பிட்டா. நான் குனிய முன்பு அவர் குனிந்து, இரண்டு கையாலும் அள்ளிப் புரட்டத் தொடங்கினார். அந்தக் கையால் மட்டும் கண்ணைத் தொடவேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் தொட்டுவிட்டார்.