ராக்கெட் மாமாவின் மதிய விமானம்

என் அம்மாவின் தம்பியை எங்கள் வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ராக்கெட் மாமா, அவ்வளவுதான். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு விமான நிலையத்தில் சக்கரம் மாற்றும் வேலை அவருக்கு. ஒலியைவிட வேகமாகப் பறந்த அந்த விமானத்துக்கென்று இருந்த தனிக் குழுவில் அவரும் ஒருவர். மற்றவற்றைவிட வேகமாக வந்து தரையைத் தொடும் என்பதால் அதன் டயர்கள் சீக்கிரம் தேய்ந்துவிடும். மாமாவின் விரல் இடுக்கில் எந்தச் சோப்புக்கும் மசியாத ரப்பர் கறுப்பு எப்போதும் இருக்கும்.

அந்தக் குழுவுக்கு ஒரு கெத்து உண்டு. ஊருக்குப் போவதென்றால் காலை விமானத்தில் ஏறமாட்டார்கள்; மதியம் கிளம்பும் தங்கள் விமானத்தில்தான் போவார்கள். "அவசரக்காரன் காலையில ஓடட்டும். நாம சாப்பிட்டுட்டு நிதானமா கிளம்பி, அவனுக்கு முன்னாடி போய் நிப்போம்" என்பார் மாமா.

அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்த அன்று, ஊழியர்களுக்குக் கிடைக்கும் காலி இருக்கையில் அப்படித்தான் வந்தார். காலையில் போனில் பேசியவர், அம்மா மயக்கம் தெளிந்தபோது கட்டிலருகே நின்றார்.

"டேய், நீ எப்படா வந்தே?"

"இப்பதான்க்கா. கையைத் தொட்டுப் பாரு, ஜன்னல் சூடு இன்னும் இருக்கும்."

அந்த வேகத்தில் காற்று உரசி விமானத்தின் உடம்பே சூடாகுமாம். உள்ளேயிருந்து ஜன்னலைத் தொட்டால் இளஞ்சூடாக இருக்குமாம். அதற்குப் பிறகு தம்பி தூரத்தில் இருப்பதாக அம்மாவுக்குத் தோன்றியதே இல்லை.

பின்னால் அந்த விமானத்தை நிறுத்திவிட்டார்கள். மாமாவைச் சாதாரண விமானங்களுக்கு மாற்றினார்கள். "கொஞ்ச நாள்தான். இதைவிட வேகமானது வரும், பாரேன்" என்றார். அவருக்கு மூட்டுவலி வந்தது, வழுக்கை வந்தது, ஓய்வு வந்தது. விமானம் மட்டும் வரவில்லை.

"போன்ல வருஷத்துக்கு ஒரு கண்ணு கூடுது. பிளேன் மட்டும் எங்கப்பன் காலத்து வேகத்துலயே போகுது. ஊர்ல எல்லாரும் பசங்ககிட்ட, 'நான் சைக்கிள்ல போனேன், நீ கார்ல போற'ன்னு பெருமையா சொல்றாங்க. நான் மட்டும்தான், 'நான் போன வேகத்துல நீ போகவே முடியாதுடா'ன்னு சொல்லணும்" என்று புலம்புவார்.

"உங்க பிளேன் மியூசியத்துல கயிறு கட்டி நிக்குது" என்பாள் அத்தை. "உங்க மண்டைக்குள்ளதான் இன்னும் பறந்துட்டிருக்கு."

நுரையீரல் கெட்டு, அம்மா ஆக்ஸிஜன் குழாயோடு படுத்துவிட்டாள். கொஞ்ச நாள் கூட வந்து இருங்கள் என்று மாமாவைக் கெஞ்சினேன். "அட போம்மா, கூப்பிடு தூரம். நீ சொன்னா வந்து நிக்கப்போறேன்" என்றார்.

ஒருநாள் டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்து, "வர வேண்டியவங்களை இன்னிக்கே வரச் சொல்லிடுங்க" என்றார். போன் செய்தேன். மாமா ஊரில் அப்போதுதான் விடிந்திருந்தது.

"காலை விமானத்துல இடம் இருக்கு மாமா. பார்த்துட்டேன்."

"மதியத்துல?"

"அதுலயும் இருக்கு. ஆனா..."

"அப்ப மதியத்துலயே வரேன். அக்கா முன்னாடி தாடியும் மீசையுமா நின்னா பயந்துடுவா. நீ பதறாதே."

பின்னாலிருந்து அத்தை கத்தியது கேட்டது. "காலையிலேயே போய்த் தொலைங்களேன்! இப்ப எல்லாம் ஒரே வேகம்தான்!"

"நீ சும்மா இரு. உனக்கென்ன தெரியும்?"

அவருக்குத் தெரியாததா? எந்த விமானம் எவ்வளவு நேரம் பறக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர். ஆனால் அன்று காலை அவர் கையும் காலும் பழைய கணக்கில் நடந்தன. சவரம் செய்தார், சட்டையைத் தேய்த்தார், உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

இங்கே அம்மா ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கி, "ராக்கெட் கிளம்பிட்டானா?" என்றாள்.

"வந்துட்டே இருக்கார்ம்மா."

"அப்ப சரி."

அதற்குப் பிறகு கதவு திறந்தபோதெல்லாம் தலையைத் தூக்கினாள். நர்ஸுக்குத் தூக்கினாள். தரை துடைக்க வந்தவளுக்கும் தூக்கினாள். காலை விமானம் இறங்கி, அதில் வந்தவர்கள் வீடு போய்ச் சேர்ந்திருக்கும் நேரத்திலும் நினைவோடுதான் இருந்தாள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். மதிய விமானம் கடலுக்கு மேல் இருந்தபோது போய்விட்டாள்.

மாமா உள்ளே வந்தபோது முகம் வழவழவென்று இருந்தது. தாடையில் பிளேடு கீறிய கோடு. என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"காலையில வந்திருந்தா?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பார்த்திருப்பீங்க மாமா."

தலையை ஆட்டினார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வழி பூரா ஜன்னலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துட்டே வந்தேன்மா. சில்லுன்னே இருந்துச்சு."

பிறகு அம்மாவின் கையை எடுத்தார். எடுத்ததைச் சட்டென்று போர்வைமேல் வைத்துவிட்டு, தன் உள்ளங்கைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தேய்க்க ஆரம்பித்தார்.