சிலுப்பாத கிடா

லால்குடிப் பக்கத்துக் கிராமத்தில் அம்மனுக்குக் கிடா வெட்டுகிறவர் அம்மாசி. மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்து நிற்பார். கிடா உடம்பைச் சிலுப்பினால்தான் அம்மன் உத்தரவு. அப்புறம் ஒரே வெட்டு. இரண்டாவது வெட்டு விழுந்தால் அருவாள் வேறு கைக்குப் போய்விடும். அது ஊர் வழக்கம். அம்மாசிக்கு அந்தக் கேவலம் வந்ததில்லை.

ஸ்ரீரங்கத்து ஸ்ரீவத்ஸ் பேய்ப்படம் எடுக்க வந்தபோது அந்தக் கையைத்தான் கேட்டான். பெருமாளைச் சேவிக்க வந்தவர்களையெல்லாம் வெள்ளைக்காரக் கும்பினிக் காலத்தில் கொள்ளிடக்கரையில் கழுத்தறுத்துப் புதைத்த முத்திருளனின் கதை. அம்மாசிதான் முத்திருளன். புத்தூர்க் கறிக்கடையிலிருந்து வாளியில் ரத்தம் வந்தது. வெட்டுப்படுகிறவனாக நடித்த ஸ்ரீவத்ஸின் சிநேகிதன் ஜனார்தன் முகமெல்லாம் ரத்தமாக மணலில் மல்லாந்து கிடந்தான்.

"வெறி பிடிச்சவனாட்டம் கொத்துங்கோ! ஏன் நிக்கறேள்?" என்று ஸ்ரீவத்ஸ் கத்தினான்.

"அவரு இன்னும் சிலுப்பலையே தம்பி."

எத்தனை முறை எடுத்தாலும் கை தானாக நின்றது. ரத்தம் உறைந்துகொண்டிருந்தது, வெளிச்சமும் போய்க்கொண்டிருந்தது. எடுத்ததே போதுமென்று விட்டுவிட்டார்கள்.

படம் வெளியானபோது, திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தியேட்டரில், ஒவ்வொரு கழுத்துக்கு முன்னாலும் முத்திருளன் அருவாளோடு நின்றான்.

"யோவ், பஸ்ஸுக்கா நிக்கிற? வெட்டுய்யா!"

தியேட்டரே சிரித்தது. பக்கத்தில் அவர் மனைவி மாரியாயியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்; தோள் குலுங்கியதை அவர் பார்த்தார். இடைவேளைக்குப் பிறகு பாதிக் கூட்டம் திரும்பி வரவில்லை.

ஆடித் திருவிழா வந்தது. வழக்கமாகக் கிடா பிடிக்கிற வீரமலை கயிற்றைப் பிடித்துக்கொள்ள, அம்மாசி தண்ணீர் தெளித்தார். கிடா அசையவில்லை. மறுபடி தெளித்தார். கூட்டத்தில் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி மாரியாயியின் தம்பி ஜெயக்குமார் கத்தினான்:

"முத்திருளா, பஸ் வந்துருச்சு!"

ஊர் மொத்தமும் சிரித்தது. கிடா சும்மாவே நின்றது.

அருவாள் இறங்கியது. கழுத்தில் விழவேண்டியது தோளில் விழுந்தது. கிடா அலறித் துள்ளியதில் வீரமலை கீழே விழுந்தார். அம்மாசி துரத்திப் போய் முதுகில் வெட்டினார். முகத்தில் வெட்டினார். விழுந்த பிறகும் வெட்டினார். எலும்பில் மாட்டிய அருவாளைக் காலால் மிதித்துப் பிடுங்கி மறுபடி வெட்டினார். வாயெல்லாம் ரத்தம் உப்புக் கரித்தது. தப்பு மேளம் எப்போது நின்றதென்று அவருக்குத் தெரியாது.

ஒருவரும் சிரிக்கவில்லை.

ஜெயக்குமார் செல்போனைத் தாழ்த்தினான். "படத்துல இப்படி வெட்டியிருந்தா ஓடியிருக்குமே மச்சான்" என்றான். அவன் கேலி செய்யவில்லை.

வீரமலை எழுந்து வந்து அருவாளுக்குக் கையை நீட்டினார். அம்மாசிக்குக் கொடுக்கத்தான் மனசு, விரல் விரியவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அருவாளை எடுக்க வேண்டியிருந்தது.