சீப்பில் ஒரு பல் இடைவெளி

ஒரு கன்னத்தில் நுரை, மறு கன்னம் வழவழப்பு. அந்தக் கோலத்தில் ஆளை நாற்காலியில் விட்டுவிட்டு, ரீல்காரர் பின்கதவைத் திறந்து வானத்தை எட்டிப் பார்க்கிறார். "ரெண்டே நிமிஷம் தம்பி. மேகம் விலகிடுச்சான்னு பார்த்துட்டு ஓடி வந்துடறேன்." ரெண்டு நிமிடம் ஆறாகிறது. நுரை காய்கிறது. வாடிக்கையாளர் கண்ணாடியில் தன் அரை முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எழுந்து போகவா முடியும்?

சலூனுக்குப் பெயர்ப்பலகை உண்டு. ஆனால் எல்லாருக்கும் அது ரீல்காரர் கடைதான். வாயைத் திறந்தால் அளப்பார். போன மழையில் கடைக்குள் புகுந்த எலியைப் பற்றிச் சொல்லும்போது கத்தரிக்கோலும் சீப்புமாக இரண்டு கைகளும் அகல விரியும்; நாற்காலியில் இருப்பவர்தான் தலையை ஒதுக்கிக்கொள்ள வேண்டும். அடுத்த முறை முடிவெட்ட வருவதற்குள் அந்த எலி பூனையை விரட்டியிருக்கும். அவர் சொல்வதை யாரும் நம்புவதில்லை. யாரும் வேறு கடைக்குப் போவதுமில்லை.

வளர்பிறையில் ஐந்தாறு நாள் மட்டும், சாயங்காலம் ஒரு மணி நேரம் கடையைச் சாத்திவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவார். அங்கே ஒரு தொலைநோக்கி, அதன் முனையில் கேமரா, பக்கத்தில் மடிக்கணினி. நிலாவின் வெளிச்சப் பக்கம் அவருக்கு வேண்டாம். இருட்டுப் பக்கம்தான் வேண்டும். விண்வெளியில் அலையும் கல் ஏதாவது அங்கே மோதினால், கண் இமைப்பதற்குள் ஒரு பொட்டு வெளிச்சம் தோன்றி மறையும். அதைப் பிடித்து, நேரத்தைக் குறித்து, ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அவரைப் போலவே வேறு வேலை பார்த்துக்கொண்டு இதையும் பார்க்கிறவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். "நிலா வளர வளர எங்க கடை தேயுது" என்பார் அவர் மனைவி. சொல்லிக்கொண்டே மாடிக்கு நாற்காலி தூக்கி வருவதும் அவர்தான்.

ஆறு வருடம் இப்படிப் போனது. மாதாமாதம் படிவத்தில் பார்த்த நேரத்தை எழுதி, 'கண்ட வெளிச்சம்' என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டு அனுப்பினார். ஒன்றும் விழாத நேரமும் அவர்களுக்குத் தேவையாம். கடையில் வாய் ஓயாமல் அளக்கிற மனிதர் அந்தக் கட்டத்தில் மட்டும் ஒருமுறைகூட அளந்ததில்லை. ஆனாலும் ஒரே ஒரு தடவை அங்கே ஒன்று என்று எழுதிவிட வேண்டும் என்ற ஆசை அவரை அரித்துக்கொண்டுதான் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, முந்தின சாயங்காலத்து வீடியோவை ஓட்டிப் பார்த்தபோது, ஏழு மணி பன்னிரண்டு நிமிடத்தில் இருட்டுக்குள் ஒரு வெளிச்சம். அடுத்தடுத்து மூன்று படங்களில் இருந்தது. மூன்று படங்களில் தெரிந்தது என்று எழுதி, நடுப்படத்தை மட்டும் நிலையத்துக்கு அனுப்பிவிட்டுக் கடைக்கு வந்தவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"பளீர்னு அடிச்சுது பாரு, மொட்டைமாடியே வெளுத்துப்போச்சு."

"சத்தம் கேட்டுச்சாண்ணே?" பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் கேட்டார்.

கேட்டது என்று சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை காலை நிலையத்து விஞ்ஞானி அம்மாவிடமிருந்து பதில் வந்தது. அன்றைக்கு மற்ற ஊர்களில் எல்லாம் மேகம். வேறு யாரும் பார்க்கவில்லை. மூன்று படங்களிலும் வெளிச்சம் ஒரே இடத்தில் இருந்ததா என்று மட்டும் சொல்லுங்கள். நகர்ந்திருந்தால் அது செயற்கைக்கோளின் மினுக்கல். நகரவில்லை என்றால் பட்டியலில் சேர்த்துவிடுகிறோம், உங்கள் வார்த்தை போதும்.

உங்கள் வார்த்தை போதும். பிறந்ததிலிருந்து அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அந்த வரியை மட்டும் நாலு தடவை படித்தார்.

பிறகு படத்தைப் பெரிதாக்கி, நிலாவின் விளிம்பில் முதல் பல் படும்படி சீப்பைத் திரையில் வைத்து எண்ணினார். முதல் படத்தில் வெளிச்சம் பதினோராவது பல்லில் இருந்தது. மூன்றாவது படத்தில் பன்னிரண்டாவது பல்லில். தான் எண்ணியது தப்பாக இருக்கும் என்று மனைவியிடம் சீப்பைக் கொடுத்தார். அவருக்கும் பன்னிரண்டுதான்.

"ஒரு பல்லுதானேங்க. ஆறு வருஷம் ஒக்காந்திருக்கீங்க. அவங்களுக்குத் தெரியவா போகுது?"

"கடையில நான் சொல்றத ஒருத்தனும் நம்ப மாட்டான். அந்த தைரியத்துலதான் அளக்கறேன்." சீப்பைச் சட்டையில் துடைத்தார். "இவங்க நம்பிடுவாங்க."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. மனைவி எதிரில் அதை மறைக்கவும் இல்லை. நகர்ந்தது என்று பதில் எழுதி, கட்டத்தில் பூஜ்யம் போட்டு அனுப்பிவிட்டுக் கடை திறக்கப் போனார்.

சாயங்காலம் பெஞ்சில் அதே எலக்ட்ரீஷியன். "நிலாவுல விழுந்த கல்லு என்னாச்சுண்ணே?"

"கல்லு இல்லப்பா. சாட்டிலைட்டு. நகர்ந்துடுச்சு."

"ரீல் விடாதீங்க. இந்த ஒண்ண நெசம்னு நம்பி வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லித் தொலைச்சுட்டேன். அப்படி எவ்ளோதான் நகர்ந்துச்சு?"

கடையே அந்தக் கைகள் விரிவதற்காகக் காத்திருந்தது. நாற்காலியில் இருந்தவர் பழக்கத்தில் தலையை ஒதுக்கிக்கொண்டார். ரீல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். சீப்பை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, இரண்டு பற்களுக்கு நடுவே கட்டைவிரல் நகத்தை வைத்துக் காட்டினார்.