அவனுடைய பங்கு

துறைமுக வீதியில் உள்ள என் ஒலிப்பதிவு அறைக்கு அவர் தனியாகத்தான் வந்தார். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி. எலெக்ட்ரானிக் இசையால் திருகோணமலையையே ஆடவைத்த இருவரில் ஒருவர். பல வருடங்களுக்குப் பிறகு உருக்கமான பாட்டுகளோடு திரும்புவதாக இருவரும் ஏற்கெனவே அறிவித்திருந்தார்கள்.

வாசிக்கும்போது நடுநடுவே கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடுவார். தலை மட்டும் தாளத்துக்கு அசையும். பிறகு மறுபடி தொடங்குவார்.

"இந்த இடமெல்லாம் வெறுமையாக் கிடக்குதே அண்ணை, நிரப்பேலாதோ?" என்று கேட்டேன்.

"ஏலாது தம்பி. அது அவன் வாசிக்கிற இடம். ரெண்டு பேருமா வாசிக்க இருந்தனாங்கள். போன மாசம் செத்துப்போனான்."

ஆல்பம் வெளிவந்தது. அந்த மௌனங்கள்தான் புதுமை என்று கேட்டவர்கள் மெச்சினார்கள். எனக்குத்தான் இன்னும் விளங்கவில்லை. பதிவின்போது அந்த வெறுமையில் ஓரிடத்தில் அவர் சிரித்தாரே, எதைக் கேட்டுச் சிரித்தார்?